கரையில் நிற்பவரைச் சட்டம் என்ன செய்யும்?

ஆற்றில் வெள்ளம். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. இறங்கினால் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். வழிப்போக்கர் ஒருவர் அக்கரைக்குப் போக இறங்குகிறார். கரையில் நிற்கும் ஒருவருக்கு ஆழம் தெரியும், இழுப்பும் தெரியும். ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. இறங்கியவர் மூழ்கிச் சாகிறார். பேசாமல் நின்றவர் கொலைகாரரா?

இந்தியாவுக்கான குற்றவியல் சட்ட வரைவை 1837-ல் சமர்ப்பித்த தாமஸ் பாபிங்டன் மெக்காலே, இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் சொன்னார். வழிப்போக்கர்களை எச்சரிப்பதற்காகவே அரசாங்கம் அங்கே நிறுத்திவைத்த பியூன் அவர் என்றால், அது கொலை. பயணியைப் பத்திரமாக அழைத்துப்போகக் கூலி பேசிக்கொண்ட வழிகாட்டி என்றால், அதுவும் கொலை. மனிதர் என்ற முறையைத் தவிர இறந்தவரோடு வேறு எந்தத் தொடர்பும் இல்லாதவர் என்றால், அது கொலை அல்ல.

அந்த மூன்றாவது பதிலின் கீழ்தான் நாம் இன்றும் வாழ்கிறோம். மெக்காலேயின் வரைவு 1860-ல் இந்திய தண்டனைச் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 அன்று அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. காலனியச் சட்டத்துக்கு விடைகொடுத்துவிட்டோம் என்று அரசு அறிவித்தது. ஆனால், இந்த விஷயத்தில் ஒரு சொல்கூட நகரவில்லை. ஏற்கெனவே சட்டம் ஒருவர் மேல் கடமையைச் சுமத்தியிருந்து, அதை அவர் செய்யத் தவறினால்தான் குற்றம். அந்நியர் ஒருவர் கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை நம் தண்டனைச் சட்டம் கண்டுகொள்வதே இல்லை.

இதே ஆற்றங்கரை பிரான்சில் இருந்தால், மூன்றாவது நபருக்கு 5 ஆண்டுகள் வரை சிறையும் 75,000 யூரோ வரை அபராதமும் விதிக்க முடியும். ஜெர்மனியில் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். மனித இயல்பு ஒன்றுதான், மரணம் ஒன்றுதான். இங்கிலாந்தில் வளர்ந்த பொதுச் சட்ட மரபு ஒன்று சொல்கிறது, ஐரோப்பியக் கண்டத்தில் வளர்ந்த தொகுப்புச் சட்ட மரபு வேறொன்று சொல்கிறது. இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலேய மரபு தவறியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதே சமயம், பிரெஞ்சுச் சட்டத்தின் ஒரு பிரிவை மொழிபெயர்த்து நம் புத்தகத்தில் ஒட்டிவிட்டால் இங்கே ஓர் உயிர்கூடப் பிழைக்காது என்பதும் எனக்குத் தெரிகிறது.

மெக்காலேயின் தயக்கம்

மெக்காலே ஈவிரக்கம் இல்லாமல் எழுதிவிடவில்லை. ஒரு பிடி சோறு கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும் ஒருவரை விரட்டிவிடும் பணக்காரர், பசி தாங்காமல் அந்தச் சோற்றைப் பிடுங்கித் தின்பவரைவிட மோசமானவராக இருக்கலாம் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும், பிடுங்கியவரைத் திருட்டுக்காகத் தண்டிக்கிறோம்; விரட்டியவரைத் தண்டிப்பதில்லை. காரணம், எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்று தெரியவில்லை. ஒரு குறிப்பிட்ட அறுவை சிகிச்சையைச் செய்யத் தெரிந்த ஒரே மருத்துவர் கல்கத்தாவில் இருக்கிறார், நோயாளி மீரட்டில் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் போக மறுத்தால் அவரைக் கொலைகாரர் என்பதா? மீரட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்றால், அதற்கும் அப்பால்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காததால், தீங்கு செய்யாமல் தடுப்பதோடு குற்றச் சட்டம் நின்றுகொள்ளட்டும், நன்மை செய்யத் தூண்டுவதை மதமும் ஒழுக்கமும் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடித்தார்.

இங்கிலாந்து நீதிமன்றங்களும் இதே பாதையில் நடந்தன. 1902-ல் ரயில்வே கேட்டை மூட மறந்த பிட்வுட் என்ற கேட் கீப்பர் தண்டிக்கப்பட்டார். தண்டவாளத்தைக் கடந்த வண்டியில் ரயில் மோதி ஒருவர் இறந்திருந்தார். மெக்காலேயின் பியூனுடைய அதே நிலைதான் பிட்வுட்டுக்கும்: சம்பளம் வாங்குகிறார், ஆகவே கடமை உண்டு. பெற்றோருக்குப் பிள்ளை மேல் கடமை உண்டு. தானே பொறுப்பேற்றுக்கொண்ட நோயாளியைக் கைவிட்டால் குற்றம். தன் சிகரெட்டால் மெத்தையில் தீப்பிடித்ததைப் பார்த்துவிட்டு, அணைக்காமல் அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்ட மில்லரை 1983-ல் பிரபுக்கள் சபை குற்றவாளி என்றது. ஆபத்தை உண்டாக்கியவரே அவர் அல்லவா? இப்படி ஒவ்வொரு வழக்காக விதிவிலக்குகள் சேர்ந்தன. பொதுச் சட்டம் வளர்கிற முறையே அதுதான். ஆனால், அந்நியர் மட்டும் எப்போதும் விதிவிலக்குகளுக்கு வெளியிலேயே நின்றார்.

சட்டம் படித்த எல்லோருக்கும் தெரிந்த வழக்கு, டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து உணவுக் கடையில் இஞ்சிச் சாறு பானத்தைக் குடித்த ஒரு பெண், பாட்டிலுக்குள் நத்தை அழுகிக் கிடந்ததாகச் சொல்லி, பானம் தயாரித்தவர் மேல் வழக்குத் தொடுத்தார். 1932-ல் தீர்ப்பெழுதிய அட்கின் பிரபு, விவிலியத்தின் அயலான் கருத்தைக் கையிலெடுத்து, நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் எல்லோரும் நமக்கு அயலவரே என்றார். கவனக்குறைவுக்கான நவீன இழப்பீட்டுச் சட்டம் அந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது. அயலான் யார் என்பதை விளக்கும் விவிலியக் கதையில், உதவிய நாயகனுக்கு முன்பாக, அடிபட்டுக் கிடந்தவரைப் பார்த்தும் பாராமல் போன ஆசாரியரும் லேவியரும் வருகிறார்கள். 1970-ல் இன்னொரு வழக்கில் டிப்ளாக் பிரபு அவர்களைப் பற்றிச் சொன்னார்: ஆங்கிலச் சட்டப்படி அவர்கள் இருவர் மேலும் எந்தப் பொறுப்பும் சுமத்த முடியாது. கதையின் நாயகனை வைத்துக் கட்டப்பட்ட சட்டம், கதையில் கடந்துபோனவர்களை விட்டுவிட்டது.

இதற்கு 1996-ல் ஹாஃப்மன் பிரபு தந்த விளக்கம்தான் எனக்குத் தெரிந்தவற்றில் வலுவானது. ஒன்று செய்யாதே என்று சொல்வதைவிட, ஒன்று செய் என்று கட்டாயப்படுத்துவது தனிமனிதச் சுதந்திரத்தில் பெரிய தலையீடு. தவிரவும், அங்கே பத்துப் பேர் நிற்கும்போது ‘ஏன் என்னை மட்டும் கேட்கிறாய்?’ என்று ஒருவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. இரண்டையும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால், பத்துப் பேரும் சும்மா நின்றார்கள் என்பது பத்துப் பேரையும் கேட்பதற்கான காரணமே ஒழிய, ஒருவரையும் கேட்காமல் விடுவதற்கான காரணம் அல்ல. எல்லைக் கோடு போட முடியாது என்ற வாதமோ இந்த மரபுக்குப் பொருந்தவே பொருந்தாது. நியாயமான மனிதர் ஒருவர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்று கேட்டு ஒவ்வொரு நாளும் ஆயிரம் எல்லைக் கோடுகளைப் போடுகிற மரபு அது. வண்டி ஓட்டுவதில், மருந்து கொடுப்பதில், கட்டடம் எழுப்புவதில் எல்லாம் போட முடிந்த கோட்டை, குளத்தில் மூழ்கும் குழந்தையின் முன் மட்டும் போட முடியாதா?

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மெக்காலே கேட்ட கேள்வி, ‘இது கொலையா, இல்லையா?’ என்பது. அப்படிக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல முடியும். ஆற்றில் தள்ளியவரையும் கரையில் நின்றவரையும் ஒரே தட்டில் வைக்க யாருக்கும் மனம் வராது. கொலைக்கும் ஒன்றுமில்லை என்பதற்கும் நடுவில் சிறிய, தனியான ஒரு குற்றம் இருக்கலாம் என்பது ஆங்கிலேய மரபுக்குத் தோன்றவில்லை. தொகுப்புச் சட்ட நாடுகள் செய்தது அதைத்தான்.

1941-ல் பிறந்த பிரிவு

பிரெஞ்சுச் சட்டத்தின் பிறப்பு நல்ல வேளையில் நடக்கவில்லை. 1941 அக்டோபரில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த நாந்த் நகரில் ஒரு ஜெர்மன் படை அதிகாரி சுட்டுக்கொல்லப்பட்டார். பழிக்குப் பழியாகப் பிணைக்கைதிகள் பலர் கொல்லப்பட்டார்கள். சில நாட்களுக்குள், அக்டோபர் 25 அன்று, நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசு ஒரு சட்டம் போட்டது. நடக்கப்போகும் குற்றத்தைத் தெரிவிக்காமல் இருப்பதும் ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் இருப்பதும் அதன்படி குற்றமாயின. ஜெர்மனியிலும் 1935-ல் ஹிட்லர் ஆட்சியில்தான் உதவி மறுப்புக் குற்றம் விரிவுபடுத்தப்பட்டது. இத்தாலியின் பிரிவு, முசோலினி காலத்து 1930-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. மக்களை ஒருவரையொருவர் கண்காணிக்க வைக்கும் ஆட்சிகளுக்கு இந்தக் கடமை பிடித்திருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஆனால், விடுதலைக்குப் பிறகு விஷி அரசின் சட்டங்கள் பலவற்றைத் தூக்கி எறிந்த பிரான்ஸ், இந்தக் கடமையை 1945 ஜூன் 25 அவசரச் சட்டத்தில் திருத்தி எழுதி வைத்துக்கொண்டது. மேற்கு ஜெர்மனி 1953-ல் நாஜிச் சொற்களை நீக்கிவிட்டுக் கடமையைத் தக்கவைத்தது. நெதர்லாந்தில் சர்வாதிகாரம் ஏதும் இல்லாத 1886-லேயே இப்படி ஒரு பிரிவு இருந்தது. இந்தக் கடமை சர்வாதிகாரத்தின் குழந்தை அல்ல. சர்வாதிகாரம் அதைக் களவாடிக்கொண்டது என்றே நான் நினைக்கிறேன்.

இன்றைய பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் 223-6 பிரிவு கவனமாக எழுதப்பட்டது. ஒருவர் ஆபத்தில் இருக்க வேண்டும். உதவுவதால் உதவுபவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து வரக் கூடாது. உதவி என்பது தானே இறங்கிச் செய்வதாக இருக்கலாம்; ஆட்களை அழைப்பதாகவும் இருக்கலாம். நீச்சல் தெரியாதவர் ஆற்றில் குதிக்க வேண்டியதில்லை. கூச்சல் போட்டால் போதும், போன் செய்தால் போதும். மெக்காலேயைத் தூங்கவிடாத கல்கத்தா மருத்துவர் இங்கே பிரச்சினையே அல்ல. இன்னொன்றும் முக்கியம். உதவாததால்தான் அவர் இறந்தார் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. குற்றம் மரணத்தில் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டதில் இருக்கிறது.

1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸின் அல்மா சுரங்கப்பாதையில் இளவரசி டயானா சென்ற கார் மோதியபோது, படம் எடுத்தபடி நின்ற புகைப்படக்காரர்கள் மேல் இந்தப் பிரிவின்படியும் விசாரணை நடந்தது. போதிய ஆதாரம் இல்லை என்று 1999-ல் அந்த வழக்கு கைவிடப்பட்டது. பிரிவு இருப்பதாலேயே எல்லோரும் சிறைக்குப் போய்விடுவதில்லை. லண்டனிலோ சென்னையிலோ அந்த விபத்து நடந்திருந்தால், உதவாமல் நின்றதற்காக விசாரிக்கவே சட்டத்தில் இடம் இருந்திருக்காது. பிரான்சில் பாதிக்கப்பட்ட குடும்பம் குற்ற வழக்கிலேயே ஒரு தரப்பாகச் சேர்ந்து இழப்பீடும் கேட்க முடியும் என்பது இந்தப் பிரிவுக்குக் கூடுதல் பலம் தருகிறது. நம்மைப் போலத் தனியாக இன்னொரு நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை.

ஜெர்மன் வழக்கு ஒன்றை விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. 2016 அக்டோபர் 3, பொது விடுமுறை நாள். எசன் நகரில் ஒரு வங்கியின் ஏ.டி.எம். கூடத்தில் எண்பது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் மயங்கி விழுந்தார். பணம் எடுக்க வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டும் தாண்டிக்கொண்டும் போனார்கள். எல்லாம் கேமராவில் பதிவானது. கடைசியாக வந்த ஒருவர்தான் அவசர உதவியை அழைத்தார். சில நாட்களில் முதியவர் இறந்துபோனார். முன்னதாகவே உதவி வந்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்பது மருத்துவக் கருத்து. வீடில்லாதவர் யாரோ படுத்துத் தூங்குகிறார் என்று நினைத்துவிட்டோம் என்றார்கள் குற்றம்சாட்டப்பட்டவர்கள். 2017-ல் நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. மூன்று பேருக்கு 2,400 யூரோவிலிருந்து 3,600 யூரோ வரை அபராதம் விதித்தது. யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. ஆனால், நாடு முழுவதும் அந்தத் தீர்ப்பைப் பேசியது. வீடில்லாதவராகவே இருந்தாலும் ஒருவர் தரையில் விழுந்து கிடந்தால் நின்று பார்க்க வேண்டும் என்பதை ஒரு சமூகம் தனக்குத் தானே உரக்கச் சொல்லிக்கொண்டது. எல்லா இடத்திலும் தண்டனையின் அளவைவிட அந்தச் சொல் பெரிது.

பழைய சட்ட மரபுகள் பலவும் கரையில் நின்றவரைச் சும்மா விடவில்லை. யூதச் சட்டத்தில், மூழ்குகிறவரையும் கொள்ளையரிடம் சிக்கியவரையும் காப்பது கடமை. இஸ்ரேல் 1998-ல் அதை நவீனச் சட்டமாக்கியபோது அபராதத்தை மட்டுமே தண்டனையாக வைத்தது. இஸ்லாமியச் சட்டத்தின் மாலிகி பள்ளி, மிஞ்சிய தண்ணீரையும் உணவையும் தர மறுத்து ஒருவரைச் சாகவிட்டவரைப் பொறுப்பாக்குகிறது. ஊர் கொள்ளை போகும்போதும் அணை உடையும்போதும் ஓடிவராதவர்களை நாடுகடத்தச் சொல்கிறது மனு நூல். பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரித்த அந்த நூலை முன்மாதிரியாகக் கொள்ள நான் சொல்ல மாட்டேன். அந்நியருக்கு உதவும் கடமையே இந்த மண்ணுக்குப் புதிது என்ற வாதம் நிற்காது என்பதற்காக மட்டும் குறிப்பிடுகிறேன்.

இரண்டு மரபுகளும் கலந்த இடங்களில் என்ன நடந்தது என்பதும் பார்க்கத்தக்கது. கனடாவின் மற்ற மாகாணங்கள் ஆங்கிலேய மரபைப் பின்பற்ற, பிரெஞ்சு மரபில் வந்த கியூபெக் 1975-ல் தன் மனித உரிமை சாசனத்திலேயே உயிராபத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உதவி பெறும் உரிமை உண்டு என்று எழுதியது. ரோமன்-டச்சுச் சட்டத்தின் வழிவந்த தென்னாப்பிரிக்காவில், காவல் நிலையத்துக்குள் ஒருவர் தாக்கப்பட்டபோது பார்த்துக்கொண்டிருந்த போலீஸாரைப் பற்றிய வழக்கு 1975-ல் வந்தது. சமூகத்தின் நீதியுணர்வு எதைப் பொறுத்துக்கொள்ளாதோ அந்த இடத்தில், சும்மா இருப்பதும் தவறுதான் என்றது உச்ச நீதிமன்றம். அதே ரோமன்-டச்சுச் சட்டம் இலங்கையின் உரிமையியல் பக்கத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது; குற்றவியல் பக்கத்திலோ இந்திய தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்ட 1883-ம் ஆண்டுத் தொகுப்பு. ஒரே தீவில் ஒரே அலட்சியத்தை அளக்க இரண்டு அளவுகோல்கள்.

‘நமக்கேன் வம்பு?’

இனி நம் சாலைகளுக்கு வருவோம். 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போயிருந்தால் இப்படி இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற மருத்துவர்களின் மதிப்பீட்டைச் சட்ட ஆணையம் 2006-லேயே எடுத்துச்சொன்னது.

நாம் ஏன் நின்று உதவுவதில்லை? சேவ் லைஃப் அறக்கட்டளை 2013-ல் நடத்திய ஆய்வில், நான்கில் மூன்று பேர் உதவ முன்வர மாட்டோம் என்றார்கள். அவர்களில் 88 சதவீதம் பேர் சொன்ன காரணம், போலீஸ் விசாரணையும் கோர்ட் அலைச்சலும். மனதில் ஈரம் இல்லாமல் போய்விட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால், கொண்டுவந்து சேர்த்தவர் யார் என்று ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பெயர் ஏறும். ‘நீங்கதான் இடிச்சீங்களா?’ என்ற கேள்வி வரும். பிறகு ஸ்டேஷன், பிறகு சம்மன், இரண்டு மூன்று ஆண்டு கழித்து சாட்சிக் கூண்டு, அங்கே குறுக்கு விசாரணை, அடுத்த வாய்தா. அன்றாடக் கூலிக்காரருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் வருமானம்.

இங்கே சட்ட மரபுகளின் ஆழமான வேறுபாடு ஒன்று வெளிப்படுகிறது. நம் மரபில் வழக்கு என்பது இரண்டு தரப்பின் மோதல். சாட்சி நேரில் வந்து வாய்மொழியாகச் சொல்ல வேண்டும், எதிர்த்தரப்பு அவரைக் குறுக்கே கேள்வி கேட்டு உலுக்க வேண்டும். பிரான்சில் விசாரணையின்போது எழுத்தில் பதிவான வாக்குமூலம் கோப்பில் ஏறுகிறது; சாதாரண வழக்குகள் பெரும்பாலும் அந்தக் கோப்பை வைத்தே முடிகின்றன. அங்கே உதவியவர் ஒருமுறை பேசினால் பெரும்பாலும் போதும். இங்கே அவர் ஆண்டுக்கணக்கில் அரசுத் தரப்பின் சொத்தாகிவிடுகிறார். குறுக்கு விசாரணை நிரபராதிகளைக் காப்பாற்றும் கருவி. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால், அதன் செலவை, தெருவில் ஓடிவந்து உதவிய மனிதரின் தலையில் கட்டிவிட்டோம். ஆக, நம் சட்டம் உதவாதவரைத் தண்டிக்கவில்லை. நடைமுறையில் உதவியவரைத் தண்டித்தது.

இதை முதலில் உணர்ந்தவை நீதிமன்றங்கள்தான். ஸ்கூட்டரில் வந்து அடிபட்ட ஒருவரை அருகிலிருந்த மருத்துவமனை சேர்த்துக்கொள்ளாமல், போலீஸ் கேஸ்களைப் பார்க்கும் வேறொரு மருத்துவமனைக்கு 20 கிலோமீட்டர் தள்ளி அனுப்பியது. வழியிலேயே உயிர் போனது. அந்தச் செய்தியை வைத்துத் தொடுக்கப்பட்ட பர்மானந்த் கட்டாரா வழக்கில், உயிர் காப்பதுதான் முதல் கடமை, சட்ட நடைமுறைகள் பிறகு என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஹக்கீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளியை, இடமில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின. 1996-ல் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்ன நீதிமன்றம், அவசர சிகிச்சை மறுப்பு வாழ்வுரிமையை மீறுவது என்றது. வழக்குக்கு வழக்கு வளரும் பொதுச் சட்ட மரபின் மேன்மையான முகம் இது. அதை மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால், இந்தத் தீர்ப்புகள் மருத்துவர்களையும் அரசையும் பற்றியவை. தெருவில் நிற்பவரிடம் அவை வரவில்லை.

2016 மார்ச் 30 அன்று, உதவுபவர்களைக் காக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் சட்ட வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது: விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் உரிமையியல் வழக்கும் இல்லை, குற்ற வழக்கும் இல்லை. பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2020 விதிகள் கூறின. தமிழ்நாடு 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தொடங்கி, எந்த ஊர்க்காரராக இருந்தாலும் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாக்கியது; கொண்டுவந்து சேர்ப்பவருக்கு 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. நல்ல திட்டம். 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸுக்கு அடுத்தபடியாக, சாலையில் கிடப்பவருக்கு இந்த மாநிலம் செய்த பெரிய காரியம் இதுவே.

ஆனால், 134ஏ பிரிவு மோட்டார் வாகன விபத்தோடு நின்றுவிடுகிறது. கிணற்றில் விழுந்த குழந்தையைத் தூக்கியவருக்கும், மின்சாரம் தாக்கியவரை இழுத்துப் போட்டவருக்கும், பேருந்து நிலையத்தில் மாரடைப்பால் சரிந்தவருக்கு நெஞ்சை அழுத்தியவருக்கும், வெட்டுப்பட்டுக் கிடந்தவரை ஆட்டோவில் ஏற்றியவருக்கும் அந்தப் பிரிவில் பாதுகாப்பு இல்லை. கடமையும் இல்லை, காப்பும் இல்லை. இன்னொரு முரணையும் பாருங்கள். 1973-ம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ம் பிரிவின்படி, ரயில்வேக்கும் கால்வாய்க்கும் தந்திக் கம்பிக்கும் சேதம் வராமல் தடுக்கப் போலீஸ் அதிகாரி உதவி கேட்டால், குடிமக்கள் செய்தே ஆக வேண்டியிருந்தது. பொதுச் சொத்தைக் காக்கும் அந்தக் கடமை புதிய சட்டத்திலும் தொடர்கிறது. தந்திக் கம்பிக்காகக் குடிமகனை அழைக்கத் தெரிந்த சட்டம், மனித உயிருக்காக அழைக்கவில்லை.

உதவுபவருக்குப் பாதுகாப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சீனா ஒரு பாடம். அதுவும் தொகுப்புச் சட்ட மரபைத் தழுவிய நாடுதான். 2006-ல் நான்ஜிங் நகரப் பேருந்து நிறுத்தத்தில் கீழே விழுந்த மூதாட்டியை பெங் யூ என்ற இளைஞர் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். இடித்ததே அவர்தான் என்று மூதாட்டி வழக்குத் தொடுத்தார். தவறு செய்யாத ஒருவர் எதற்காக இவ்வளவு உதவ வேண்டும் என்ற தர்க்கத்தின் மேல், செலவில் 40 சதவீதத்தை அந்த இளைஞர் தலையில் கட்டியது கீழ் நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு ஒரு தலைமுறையின் கைகளைக் கட்டிப்போட்டது. 2011 அக்டோபரில் ஃபோஷான் நகரில் வேன் மோதி விழுந்த இரண்டு வயதுச் சிறுமியைப் பதினெட்டுப் பேர் கடந்துபோனார்கள். கடைசியில் பழைய பொருள் பொறுக்கும் ஒரு பெண்தான் தூக்கினார். குழந்தை பிழைக்கவில்லை. 2017-ல்தான் சீனா தன் உரிமையியல் சட்டத்தில் உதவுபவருக்குப் பாதுகாப்பு எழுதியது.

ஜெர்மனியை நான் உயர்வாக மதிப்பது அதன் தண்டனைப் பிரிவுக்காக மட்டும் அல்ல. அங்கே ஓட்டுநர் உரிமம் வாங்க முதலுதவிப் பயிற்சி கட்டாயம். 45 நிமிடங்கள் கொண்ட ஒன்பது வகுப்புகள். ஒவ்வொரு காரிலும் முதலுதவிப் பெட்டி இருந்தாக வேண்டும். உதவப் போய்க் காயம்பட்டவருக்கு அரசின் சட்டபூர்வ விபத்துக் காப்பீடு உண்டு. பிரீமியம் எதுவும் அவர் கட்டியிருக்க வேண்டியதில்லை. உதவு என்று கட்டளையிடும் சட்டம், எப்படி உதவுவது என்று கற்றுக்கொடுத்து, உதவியதால் வரும் இழப்பையும் தானே ஏற்கிறது. பஸ் கண்டக்டர் உரிமத்துக்கு முதலுதவிச் சான்று கேட்கும் நாம், பைக் ஓட்டும் கோடிக்கணக்கானவர்களிடம் கேட்பதில்லை.

எதிர்வாதங்களில் எனக்குக் கனமாகப் படுவது ஒன்றுதான்: போலீஸ். இப்படி ஒரு பிரிவு வந்தால், விபத்து நடந்த இடத்தில் டீக்கடை வைத்திருப்பவரையும் தள்ளுவண்டிக்காரரையும் ‘ஏன் உதவவில்லை?’ என்று ஸ்டேஷனுக்கு இழுப்பார்கள். கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்துபோனவரை யாரும் தேட மாட்டார்கள். இந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் ஐந்தாண்டுச் சிறை என்ற பிரெஞ்சு அளவு நமக்கு வேண்டாம் என்கிறேன். பொதுச் சட்ட மரபைச் சேர்ந்த அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1967-ல் இந்தக் கடமையைச் சட்டமாக்கியபோது, மீறினால் அதிகபட்சம் 100 டாலர் அபராதம் என்று வைத்தது. வழி அது. அபராதம் மட்டும், கைது கூடாது, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி இல்லாமல் வழக்கே கூடாது, 108-க்கோ 112-க்கோ ஓர் அழைப்புச் செய்தாலே கடமை நிறைவேறியதாகக் கொள்ள வேண்டும். தகவல் சொல்லும் கடமையை, போலீஸுக்கு ஆள்காட்டும் கடமையாக மாற்றக் கூடாது. அழைத்தவர் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. விஷி அரசு இரண்டையும் ஒன்றாகக் கட்டியது. நாம் பிரித்தே வைக்க வேண்டும்.

தண்டனை இல்லாவிட்டாலும் மனிதர்கள் உதவத்தானே செய்கிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். செய்கிறார்கள், ஒவ்வொரு வெள்ளத்திலும் பார்த்திருக்கிறோம். அப்படி உதவுகிற பெரும்பான்மையோடு சட்டம் நிற்கிறதா, கடந்துபோகிற சிலரோடு நிற்கிறதா என்பதே கேள்வி. 2018-ல் பிரான்சின் அரசியல் சாசன மன்றம், குடியேறிகளுக்கு உதவிய செத்ரிக் எரூ என்ற விவசாயியின் வழக்கில், சகோதரத்துவம் என்பது வெறும் முழக்கம் அல்ல, சாசன மதிப்புள்ள கோட்பாடு என்றது. அந்தச் சொல் நம் அரசியல் சாசனத்தின் முகப்புரையிலும் இருக்கிறது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் தனித்தனியே பிரிக்க முடியாது என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் வலியுறுத்தினார். முதல் இரண்டுக்கும் சாசனத்தில் கூறுகள் எழுதினோம், சட்டங்கள் எழுதினோம். மூன்றாவதற்காக எழுதியது மிகக் குறைவு.

இதற்கு டெல்லியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. குற்றவியல் சட்டமும் இழப்பீட்டுக்குரிய தவறுகளும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தமிழ்நாடு சட்டமன்றமே இதைச் சட்டமாக்கலாம். எல்லா வகை ஆபத்திலும் உதவுபவருக்குப் பாதுகாப்பு, உதவப் போய்க் காயம்பட்டவருக்கு அரசின் செலவில் சிகிச்சையும் இழப்பீடும், ஓட்டுநர் உரிமத்தோடு முதலுதவிப் பயிற்சி, இவற்றோடு சேர்த்து ஒரே ஓர் அழைப்பையாவது செய்யும் சிறு கடமை. நான்கும் ஒரே சட்டத்தில் வர வேண்டும். முதல் மூன்று இல்லாமல் நான்காவது வரக் கூடாது. 48 மணி நேர சிகிச்சையை எந்த மாநிலத்தவருக்கும் இலவசமாக்கிய அரசு, அடிபட்டவர் மருத்துவமனை வாசலுக்கு வந்து சேர்வதற்கான சட்டத்தையும் கொண்டுவரட்டும். வரும் கூட்டத்தொடரிலேயே அந்த மசோதாவை அறிமுகப்படுத்த வேண்டும் என்று ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வேறுபாடின்றி எல்லா உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.